பதினேழாம் நம்பர் ஜாயிண்ட்

ஞாயிறு ஆராதனையின் திருவிருந்தில் அப்பத் தட்டு வலப்பக்கத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. பதினேழு அதை வாங்கி ஒரு கணம் மடியில் வைத்துக்கொண்டான். பொடிப்பொடியாக வெட்டி அடுக்கியிருந்த ரொட்டித் துண்டுகளைப் பார்த்தான். பிறகு ஒன்றையும் எடுக்காமல் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த தம்பியிடம் நீட்டினான். அண்ணன் மறந்துவிட்டான் என்று நினைத்துத் தம்பி தட்டை வாங்காமல் முழங்கையால் இடித்தான். பதினேழு வேண்டாமென்று தலையை ஆட்டினான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

நாற்பது நாற்காலிகள் போட்ட தகரக் கூரைச் சபை அது. அங்கே ஒருவன் அப்பம் எடுக்காமல் விட்டால் நாற்பது பேருக்கும் தெரியும். தட்டை அனுப்புவதற்கு முன்னால் போதகர் ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்வார்: சகோதரன் மேல் மனக்குறை இருக்கிறவன் முதலில் போய் அதைத் தீர்த்துவிட்டு வரட்டும், அப்புறம் இந்தப் பந்தியில் கை வைக்கட்டும். அதனால் தட்டு அடுத்த வரிசைக்குப் போன பிறகும் கண்கள் பதினேழின் முதுகிலேயே நின்றன. எவன் மேல் குறை? கூடப் பிறந்தவன் பக்கத்திலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறான்?

பதினேழு என்பது அவன் பெயரில்லை. கொதிகலன் பட்டறையில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் இரும்பு அச்சு கொடுப்பார்கள், முனையில் எண் வெட்டியிருக்கும். இரண்டு தகடுகளை உருக்கி ஒட்டி ஒரு ஜாயிண்டை முடித்ததும் அதன் பக்கத்தில் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த இடத்தில் விரிசல் விட்டாலும் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று எண் சொல்லிவிடும். பத்தொன்பது வருஷமாக அடித்து அடித்து அந்த எண்ணே அவன்மேல் ஒட்டிக்கொண்டது. ஊழியத்துக்கு வருவதற்கு முன் அதே பட்டறையில் கிரேன் ஓட்டிய போதகரும் அவனைப் பதினேழு என்றுதான் கூப்பிடுவார். தம்பியின் எண் நாற்பத்தொன்று. ஆனால் இடது கையால் வெல்டிங் பிடிக்கிறவன் பட்டறையில் அவன் ஒருவன்தான் என்பதால் எல்லாருக்கும் அவன் நொட்டாங்கை.

வண்டியில் வீடு திரும்பும்போது, பாதி வழியில்தான் மனைவி வாயைத் திறந்தாள்.

“ஏன் எடுக்கல?”

“வயிறு சரியில்ல.”

“ஒரு ஈ உக்காந்தா மறைஞ்சு போற துண்டு அது. அது உங்க வயித்தக் கெடுத்துடுமா?”

அவன் வண்டியை விரட்டினான்.

“பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு,” என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். முதல் பத்து வருஷமும் சபையில் அவளைத்தான் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவள் தலையில் கை வைத்தார்கள், அவள் கர்ப்பத்துக்காக அழுது ஜெபித்தார்கள், எண்ணெய் பூசினார்கள். பதினேழு நாற்காலியில் உட்கார்ந்து ஆமென் சொன்னான். ஒருவருக்கும் அவனைக் கூப்பிடத் தோன்றவில்லை, அவனுக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் அவன் பக்கம் திரும்பி, “என்ன வேலை பண்றீங்க?” என்று கேட்டாள். தடித்த தகடுகளை வெல்டிங்குக்கு முன் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டோடு கொதிகலன் உருளைக்குள் நுழைந்து, அடியில் ஒரு பலகையைப் போட்டுப் படுத்து, இடுப்பு வேக வேக மணிக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். அவன் அதைச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். “அதுவும் காரணமா இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது,” என்றாள். ஆனால் காகிதத்தில் இருந்தது உறுதியானது. உயிரணு என்ற இடத்துக்கு நேராக ஒரு பூஜ்யம். மூன்று தரம் பார்த்தார்கள், மூன்று தரமும் பூஜ்யம்.

தத்துக்கு எழுதிப் போட்டு இரண்டு வருஷமாகிறது. இன்னும் கூப்பிடவில்லை. யாரென்றே தெரியாத ஒருவனுடைய உயிரணுவை வாங்கிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது மனைவி உதட்டைப் பிதுக்கினாள். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா அவள். பிறந்த பிள்ளைகளைத் துடைத்து, கையில் அடையாளப் பட்டை கட்டுவது அவள் வேலை. பதினைந்து வருஷத்தில் எத்தனையோ மணிக்கட்டுகள். “யாரோ ஒருத்தனோடது எதுக்கு? உங்க தம்பியோடது வேணும். உங்க அம்மா சாயல், உங்க அப்பா காது, ஏதாவது ஒண்ணாவது உங்க வீட்ல இருந்து வரட்டும்,” என்றாள். அன்று அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

தம்பியிடம் கேட்க அவன் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தான். கடைசியில் பட்டறைக் குழாயடியில் கை கழுவும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். பாதியிலேயே தம்பி சிரித்துவிட்டான்.

“இதுக்கா இவ்ளோ சுத்தி வளைச்ச? ரத்தம் கேட்டா குடுக்க மாட்டேனா? எங்க வரணும், எத்தனை மணிக்குன்னு சொல்லு.”

சொல்லிவிட்டுச் சோப்பை அண்ணனிடம் நீட்டினான். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாகத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்ததைத் தம்பி ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பதினேழுக்கு நன்றியாக இருந்தது. அந்த நன்றிக்கு அடியில் வேறு என்னவோ ஒன்று கசந்துகொண்டிருந்தது. அதற்கு அவனிடம் பெயரில்லை.

சனிக்கிழமை அவன் பெரிய உருளைக்குள் படுத்திருந்தான். உள்பக்க வெல்டிங்கில் கடைசி அடுக்கு போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது மனைவி போனில் சொன்னாள், தம்பியின் பரிசோதனை எல்லாம் நன்றாக வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று. பதினேழு வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்தான். பற்றவைக்காமலேயே கீழே வைத்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக. முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தவன், யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள்தான் சபையில் அந்த அப்பத் தட்டு வந்தது. திங்கட்கிழமை போய்ப் பார்த்தபோது உருளை அடுத்த கூடத்துக்கு நகர்ந்திருந்தது. அடுத்த ஷிப்டில் எவனோ முடித்துத் தன் எண்ணை அடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் போதகர் வந்தார். முட்டி வலியால் நாற்காலியில் பக்கவாட்டில்தான் உட்காருவார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் வந்த காரணம் மூன்று பேருக்கும் தெரியும், வெள்ளிக்கிழமை விஷயத்தை மனைவி ஞாயிறன்றே அவரிடம் போனில் சொல்லியிருந்தாள். பதினேழே ஆரம்பித்தான்.

“ஐயா, நேராவே கேக்கறேன். இது விபசாரமா?”

“இல்ல. உடம்பை உடம்பு தொடல. ஆமான்னு சொன்னா நான்தான் பொய்யன்.”

“அப்ப பாவமில்ல?”

“அதையும் நான் சொல்லல.” அவர் டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினார். “ரெண்டு பேர் ஒரே மாம்சம்னு சொல்லித்தான் உங்க ரெண்டு பேர் கையையும் சேத்து வெச்சேன். அதுக்குள்ள மூணாவது ஆளுக்கு எங்க இடம் விடறதுன்னு எனக்குத் தெரியல.”

மனைவி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். “மூணாவது ஆள் ஏற்கெனவே இருக்கு ஐயா. வராத பிள்ளை பன்னெண்டு வருஷமா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் படுத்திருக்கு. உங்களுக்கு நாலு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். “வேதத்துல பழைய சட்டம் ஒண்ணு இருக்கு,” என்றார். “அண்ணன் பிள்ளையில்லாம போனா, தம்பி அண்ணன் பேருக்கு ஒரு பிள்ளையை உண்டாக்கிக் குடுக்கணும். ஆனா அது அண்ணன் செத்துப் போன பிற்பாடு.”

“நான் இன்னும் சாகல ஐயா.”

“அதத்தான்டா நானும் சொல்ல வந்தேன்.”

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது.

“யோசேப்பும் தன்னோடது இல்லாத பிள்ளையைத்தான் வளத்தார்,” என்றார் போதகர், தானே அதை நம்பாத குரலில்.

“அவருக்குத் தூதன் வந்து சொன்னான். எனக்கு லேப் ரிப்போர்ட்தான வந்துது.”

போதகர் எழுந்தார். “என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்வேன், பதினேழு. ஆனா நீங்க செஞ்சுட்டுப் பிள்ளையோட வந்து நின்னா, அதைக் கையில வாங்க மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. இந்த ரெண்டையும் எப்படிச் சேத்து முடிச்சுப் போடறதுன்னு தெரியாமத்தான் ரெண்டு நாளா அலையறேன்.” வாசலில் செருப்பைத் தேடியபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தட்டை ஏன் விட்ட? தம்பி மேல என்ன குறை?”

“ஒண்ணும் இல்லைங்க ஐயா. நல்லதுதான் பண்றான்.” பதினேழு குனிந்து அவர் செருப்பை எடுத்து வைத்தான். “அதான் என்னன்னு எனக்கும் தெரியல.”

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது பட்டறை வாசலில் தம்பி மனைவி நின்றிருந்தாள். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. அந்த நீலச் சட்டையோடேயே வந்திருந்தாள். எப்போதும் வாய் ஓயாத பெண். அன்று அவன் பக்கத்தில் வரும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் இன்னும் உள்ள இருக்கார்ல?”

“இருக்கான். கூப்பிடட்டா?”

“வேணாம். உங்களப் பாக்கத்தான் வந்தேன் மாமா.” சட்டைப் பொத்தானைத் திருகினாள். “உங்க மேல எனக்குக் கோவமில்ல. அக்கா மேலயும் இல்ல. ஆனா எங்கிட்ட யாருமே கேக்கலையே.”

பதினேழு சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தான்.

“டெஸ்ட் எல்லாம் குடுத்து முடிச்சுட்டு, சனிக்கிழமை காலைல சட்டைய மாட்டிக்கிட்டே சொல்றாரு. கடைக்குப் போய்ட்டு வரேன்னு சொல்ற மாதிரி. நான் என்ன கதவா, தொறந்துட்டுப் போறதுக்கு?” அவள் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அது என் பொண்ணு மூக்கோட பொறக்கும் மாமா. சித்தின்னு கூப்பிட்டுக்கிட்டு ஓடி வரும். நான் தூக்கறதா, வேணாமா? தூக்கினா அக்காவுக்கு வலிக்கும். தூக்கலன்னா அதுக்கு வலிக்கும். என் பிள்ளைங்ககிட்ட அது யாருன்னு சொல்றது?”

“வேணாம்னு சொல்றியாம்மா?”

“வேணாம்னு சொல்லல. கேட்டிருந்தா சரின்னுகூடச் சொல்லியிருப்பேன்,” என்றாள். “கேக்கவே இல்லையே.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். தம்பி கேட்கவில்லை என்பது ஒரு பக்கம். நான் கேட்டேனா என்று நினைத்தபோது அவனுக்குக் காது சுட்டது.

வியாழக்கிழமை காலை, ஜாயிண்டுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் அவனை எக்ஸ்ரே அறைக்குக் கூப்பிட்டார். இருட்டு அறை. விளக்குப் பெட்டியில் பிலிம் மாட்டியிருந்தது. இந்த மனிதரின் வாயிலிருந்து பாராட்டு வாங்கியவன் பட்டறையில் கிடையாது.

“பதினேழு, வா. இதப் பாரு. ஒரு புள்ளி? ஒரு கோடு? நானும் இருவது வருஷமா பிலிம் பாக்கறேன். மழமழன்னு பாலாட்டம் இருக்கு. பெரிய உருளை, உன் ஜாயிண்ட்.”

பிலிமின் ஓரத்தில் வெள்ளையாக ஓர் எண் மட்டும் தெரிந்தது. 17.

“நாளைக்குக் காலைல தண்ணி டெஸ்ட். தைரியமா வெக்கலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

பதினேழு நேராக அடுத்த கூடத்துக்குப் போனான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆள் நுழையும் துளை வழியாக உருளைக்குள் இறங்கினான். இப்போது குளிர்ந்து கிடந்தது. சனிக்கிழமை அவன் விட்டுப்போன இடத்தை விரலாலேயே கண்டுபிடித்தான். உருகி ஆறிய இரும்பில் அலையலையாகச் செதில்கள் படியும், மீன் முதுகுபோல. வலக்கைக்காரன் போட்டால் செதில்கள் ஒரு பக்கம் சாயும். இங்கே தொடக்கம் முதல் கடைசிவரை எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருந்தன. ஒரே சீராக, பிசிறில்லாமல், அவனே போட்டிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட அழகாக. வெளியே வந்து பார்த்தான். ஜாயிண்டின் பக்கத்தில் அவனுடைய அச்சு ஆழமாக விழுந்திருந்தது. அவனுடைய பெட்டியிலிருந்து எடுத்து, அவனுடைய சுத்தியலால்.

தம்பி கம்பி எடுக்கும் இடத்தில் நின்றிருந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

“பாத்துட்டியா? சூப்பரா வந்திருக்குல்ல?” என்று சிரிக்கப் பார்த்தான்.

“ஏன்டா என் நம்பரை அடிச்ச?”

“பின்ன? பாதில போட்டுட்டு ஓடிப் போயிட்டன்னு தெரிஞ்சா வெல்டர் கார்டைப் பிடுங்கிடுவானுங்க. உனக்காகத்தான பண்ணேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவ.”

“உம் பொண்டாட்டிகிட்டயும் அதனாலதான் கேக்கலையா?”

நொட்டாங்கையின் சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த கம்பிக்கட்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான், திரும்ப மாற்றினான். “வந்தாளா?” என்று கேட்டான். பிறகு, “நான் கெட்டது நெனைக்கலடா,” என்றான். சின்ன வயதில் அவர்கள் ‘டா’ போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். அதற்கப்புறம் இன்றுதான்.

“தெரியும். நீ நல்லதுதான் நெனச்ச. அதனாலதான் ஞாயித்துக்கிழமை எனக்கு உம்மேல என்ன குறைன்னு சொல்லத் தெரியல. இப்பத் தெரியுது.” அவன் தம்பியின் தோளில் கை வைத்தான். “வா.”

“எங்க?”

“இன்ஸ்பெக்டர்கிட்ட.”

“பைத்தியமா உனக்கு? பாஸ் ஆயிடுச்சு! யாரு உள்ள போய்ப் பாக்கப் போறான்?”

“நான் பாத்துட்டேனே.”

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேசாம இருந்திருக்கலாம்ல? யாருக்கு நட்டம்?” என்றார். அப்புறம் விதிப்படி நடந்தது. ஜாயிண்டில் குறையில்லாததால் வெட்டத் தேவையில்லை. அடி அடுக்குகள் ஒருவன், கடைசி அடுக்கு ஒருவன், அதனால் இரண்டு எண்ணும் வேண்டும். பதினேழுக்குப் பக்கத்தில் தம்பி தன் அச்சை வைத்து அடித்தான். 17, 41. திங்கட்கிழமையிலிருந்து பதினைந்து நாள் இருவரும் கம்பியைத் தொடக்கூடாது, துடைப்பம்தான். விஷயம் சாப்பாட்டு நேரத்துக்குள் பட்டறை முழுக்கப் பரவி, ஒருவன், “அண்ணனும் தம்பியும் நல்லா கூட்டுங்கடா, மூலை மூலையா,” என்று கத்தினான்.

சாயந்தரம் வீட்டில் மனைவி ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

“வேணவே வேணாம்னு நான் சொல்லல,” என்றான். “நாளைக்கு வேணாம். அந்தப் பொண்ணுகிட்டக் கேக்கணும். பொறந்தா அதுகிட்ட என்ன சொல்லி வளக்கறது, யாரு கை இதுன்னு எப்பச் சொல்றது, நாலு பேரும் ஒண்ணா உக்காந்து பேசணும். மறைச்சு வெச்சு என் பேரை மட்டும் அடிச்சுக்க என்னால முடியாது.”

“எனக்கு முப்பத்தொம்பது ஆவுது.”

“தெரியும்.”

“பேசிப் பேசி நாப்பது ஆயிடும். அவ மாட்டேன்னுட்டா?”

அவள் கோப்பின் நாடாவை இழுத்துக் கட்டினாள். “வார்டுல நான் கட்டற பட்டையில அப்பா பேருக்கு இடமே கிடையாது, தெரியுமா?” என்றாள். “அம்மா பேரு, நேரம், எடை. அவ்ளோதான். அப்பனுங்க வெளிய நிப்பானுங்க. கதவைத் தொறந்து நான் பிள்ளையைக் காட்டினா, ஒருத்தனும் யாரு கைன்னு கேட்டதில்ல. அழுவானுங்க.” சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை.

காலையில் அவன் கிளம்பும்போது அவள் முந்தியே செருப்பு மாட்டியிருந்தாள். கோப்பு கையில் இருந்தது.

“எங்க?”

“கேக்கணும்னு சொன்னீங்கல்ல,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “அவகிட்டக் கேக்கப் போறேன். நீங்க வர வேணாம். இது நாங்க ரெண்டு பேரும் பேசிக்க வேண்டியது.”

ஒன்பது மணிக்கு உருளை நிறையத் தண்ணீர் ஏற்றி மூடினார்கள். பம்பு ஓட ஓட அழுத்தமானியின் முள் ஏறியது. குறித்த இடத்துக்கு வந்ததும் பம்பை நிறுத்தினார்கள். இனி அரை மணி நேரம் முள் இறங்கக்கூடாது. ஜாயிண்டைப் போட்டவன் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். இந்த முறை இரண்டு பேர் நின்றார்கள், ஆளுக்கொரு துணியோடு, அந்த இரண்டு எண்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

தம்பியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. திரும்ப அதிர்ந்தது.

“அவதான்,” என்றான் தம்பி.

“முள்ளைப் பாரு.”

கொஞ்ச நேரத்தில் ஜாயிண்ட் நெடுக நீர்த்துளிகள் அரும்பின. உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும்போது வெளியே இரும்புக்கு வியர்க்கும். ஒழுகினாலும் முதலில் அப்படித்தான் தெரியும். வியர்வையா கசிவா என்று கண்ணுக்குப் பிடிபடாது. துடைத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி வருகிறதா, எவ்வளவு வேகமாக வருகிறது என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

பதினேழு வலப்பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தான். நொட்டாங்கை இடப்பக்கத்திலிருந்து. இருவர் துணிகளும் எண்களுக்கு மேல் வந்து முட்டின. கையை எடுத்துக்கொண்டு, துடைத்த இரும்பில் கண்ணை வைத்து நின்றார்கள்.